பொய் வெண்டிலேட்டர்

காகிதம் கீழே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. கட்டடத்தைச் சோதிக்க வந்த அதிகாரியம்மா கையை எடுத்த பிறகும் அந்த மெல்லிய துண்டு வெண்டிலேட்டர் தகட்டில் அப்பியபடியே நின்றது, யாரோ பின்னாலிருந்து உறிஞ்சிப் பிடித்த மாதிரி.

"நல்லாவே இழுக்குதே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் படியேறிப் போனார்.

கான்ட்ராக்டர் இளித்த வாயை மூட மறந்து நின்றான். அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஓட்டையே கிடையாது.

சின்ன சாமான் அறையானாலும் தரையின் அளவுக்குத் தக்கபடி காற்றுக்கு வழி வைக்க வேண்டும், அந்த வழி வெளியே போய்த் திறக்க வேண்டும் என்பது விதி. விதி எழுதினவன் நகத்தில் ஒருநாளாவது சிமெண்ட் ஏறியிருக்குமா என்பது கான்ட்ராக்டரின் கேள்வி. இந்தக் கீழ்த்தளத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மண். மண்ணைக் குடைந்து குழாயை மேலே ஏற்ற அவனுக்கு என்ன கிறுக்கா? பூச்சின் மேல் ஒரு சாண் சதுரத்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து, தகட்டை வைத்து நாலு திருகாணி முடுக்கச் சொல்லிவிட்டான். கீழே நின்று பார்த்தால் ஆழமாகத் தெரியும். துடைப்பமும் வாளியும் மூச்சா விடப் போகிறது? ராத்திரியில் வாட்ச்மேனும் அவன் பெண்டாட்டியும் அங்கே படுப்பார்கள்தான். அவர்களைக் கணக்கில் வைத்தா ஒருவன் கட்டடம் கட்டுவான்?

மேலே கொத்தனார் கரண்டி கழுவிக்கொண்டிருந்தான். கான்ட்ராக்டரின் பெண்டாட்டிக்குத் தம்பி. அதற்காகத்தான் வேலை கொடுத்திருப்பதாக கான்ட்ராக்டர் நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

"என்னைக் கேக்காம கீழ சுவத்த ஒடைச்சியா?"

"எந்தச் சுவரு மாமா?"

"மழை பெஞ்சா மண்ணுத்தண்ணி உள்ள வரும். உங்கக்கா வந்து எறைப்பாளா?"

"நான் ஒடைக்கல. கறுப்படிச்சா போதும்னு சொன்னதே நீங்கதான்."

"அப்போ காகிதம் எப்படிடா ஒட்டுச்சு?"

கொத்தனார் கழுவின கரண்டியையே திரும்பக் கழுவினான். "வாட்ச்மேன் சம்சாரமும் சொல்லுச்சு மாமா. கதவச் சாத்துனா சுவரு மூச்சு விடுதாம். நேத்தே மூட்டையக் கட்டிட்டாங்க."

"ஓசியில எடம் குடுத்தா சுவரு மூச்சு விடும். மெத்தை குடுத்திருந்தா பாட்டே பாடியிருக்கும்." கான்ட்ராக்டர் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டான். "ஓட்டை மட்டும் இருக்கட்டும், உன்னையே அதுல வச்சுப் பூசுறேன்."

வெளியே உச்சி வெயில். படியிறங்க இறங்க வெயில் முதுகை விட்டு நழுவியது. ஈரச் சிமெண்டின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. மேல்மாடியில் கல் அறுக்கும் மெஷினின் கத்தல் பஞ்சில் சுற்றினாற்போல் மழுங்கி மழுங்கி, கடைசிப் படியில் அவன் செருப்புச் சத்தம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

அறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அதை அகலத் திறந்து வைத்தான். அதிகாரியம்மாவுக்குப் போட்ட முக்காலியில் ஏறி, காகிதத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு, திருகாணிகளைக் கழற்றித் தகட்டை எடுத்தான். பின்னால் கறுப்பு பெயிண்ட். தட்டினான். டொக் டொக் என்றது. கெட்டிச் சுவர். ஒரு கீறல்கூட இல்லை.

"பயந்தாங்கொள்ளிப் பயலுக," என்றான்.

அப்போதுதான் நெற்றி வியர்வையில் காற்றுப் பட்டது. வெதுவெதுப்பாக. எதிரே இருந்து.

சிகரெட்டைப் பற்றவைத்து ஊதினான். புகை சுவரில் மோதிப் பரவியிருக்க வேண்டும். பரவவில்லை. நூல் மாதிரித் திரண்டு, நேராகக் கறுப்புக்குள் போனது. பெயிண்டின் மேல் அல்ல. உள்ளே. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு அதே புகை மெதுவாகத் திரும்பி வந்தது, தூங்கி எழுந்தவன் வாய் வாடையோடு.

முக்காலியிலிருந்து குதித்தான். அதற்குள் சுவர் மறுபடி இழுக்கத் தொடங்கியிருந்தது. தரையில் கிடந்த தூசி அவன் காலைத் தாண்டி ஓடியது. கதவு அசைந்தது. தானாக வந்து பொருந்திக்கொண்டது.

தள்ளினான். தோளால் இடித்தான். வெளியே யாரோ கைப்பிடியை ஆட்டினார்கள்.

"மாமா, எதுக்கு உள்ளருந்து கதவப் பிடிக்கிறீங்க?" கொத்தனாரின் குரல்.

"நான் பிடிக்கலடா. இழு."

"இழுக்கத்தான் செய்றேன். விடுங்க மாமா. வெளையாட்டு வேணாம்."

காது அடைத்தது. கொத்தனார் இன்னும் என்னவோ சொன்னான், கேட்கவில்லை. விரலிடுக்கில் சிகரெட் அணைந்தது. தீக்குச்சியைத் தேய்த்தான். பற்றவில்லை. இன்னொரு குச்சி. பற்றவில்லை. நெஞ்சு விரிந்தது, உள்ளே எதுவும் வரவில்லை.

பிறகு சுவர் மூச்சு விட்டது. ஒரு வாய்க் காற்று. ஒரே ஒரு வாய்.

அறை முழுக்க வேறு காற்றே இல்லை. சுவர் விடுகிறது மட்டும்தான்.

முக்காலியில் ஏறினான். இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, கறுப்புச் சதுரத்தில் வாயை வைத்தான். வெதுவெதுப்பாக வந்தது. குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். இன்னும் கொஞ்சம்.

நின்றது.

மண்ணுக்கு அந்தப் பக்கம், அவசரமே இல்லாமல், அது இழுக்கத் தொடங்கியது. அவன் தலையைப் பின்னால் வாங்கினான். உதடுகள் வரவில்லை.