மகாசெவி திட்டுகிறாள்

நோட்டு, பை, பஸ் சீட்டு என்று கண்ட இடத்திலெல்லாம் படம் போடுவதால் பள்ளியில் அவளுக்குக் 'கிறுக்கி' என்று பெயர். அவள் வரைந்த காமிக்ஸின் நாயகி மகாசெவி. முறம் போல இரண்டு காது, முதுகில் ஒரு போர்வை.

"தீ! தீ!" என்று ஊரே அலறினால், மகாசெவி பறந்து வந்து ஆளுக்கொரு டீ கொடுப்பாள். பிறகு கட்டத்துக்கு வெளியே தலையை நீட்டி, "இந்தப் பக்கத்தைப் படிக்கிறவரே, உங்களுக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்பாள்.

பள்ளி பஸ்ஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"எனக்கும் காட்டுங்கப்பா," என்று நோட்டை வாங்கினார், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ் அக்கா. முதலில் அவரும் சிரித்தார். அப்புறம் அவர் விரல் மகாசெவியின் மேல் நின்றது. கட்டம் போட்ட சட்டை, கோணல் வகிடு எல்லாம் அவருடையவை. அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

"நானா இது?"

கிறுக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லா வரைஞ்சிருக்கே," என்று நோட்டைக் கொடுத்துவிட்டு, அக்கா முன்னால் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காலை ஒரு பொடியன், "அக்கா, வயித்தைப் புரட்டுது," என்றான்.

வழக்கமாக "என்னடா கண்ணு?" என்று குனிந்து இரண்டு தடவை கேட்பவர், அன்று கேட்கவில்லை. சும்மா தலையாட்டிச் சிரித்தார். அடுத்த திருப்பத்தில் பொடியன் சட்டையெல்லாம் வாந்தி.

"சொன்னேனே அக்கா!" என்று அழுதான்.

அக்கா அவனைத் துடைத்துவிட்டார். கிறுக்கிக்குக் காது மடல்வரை சுட்டது. திரும்பக் கேட்டால் சிரிப்பார்கள் என்றுதானே அவர் கேட்கவில்லை? சிரிக்க வைத்தது யார்?

மதியம் சாப்பாட்டுப் பையை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். வரைந்தாள். கிழித்தாள். மறுபடி வரைந்தாள்.

மாலையில் எல்லாரும் பார்க்க அக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"அது நீங்கதான் அக்கா. நான் பண்ணது தப்பு."

நோட்டை நீட்டினாள். புதுப் பக்கத்தில் மகாசெவி கட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, பென்சிலும் கையுமாக முழிக்கும் கிறுக்கியின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். மகாசெவியின் பேச்சுக் குமிழ் மட்டும் காலி.

"என்ன திட்டணுமோ நீங்களே எழுதுங்க."

அக்கா படத்தைப் பார்த்தார். பிறகு பென்சிலை வாங்கி எழுதினார்: 'என் முகத்தைப் பார்த்துப் பேசு. உதட்டைப் பார்த்தாலே எனக்குப் புரியும்.'

"அவ்வளவுதானா? நல்லாத் திட்டுங்கக்கா!" என்றான் பொடியன் ஏமாற்றத்தோடு.

கிறுக்கி தலை நிமிர்ந்தாள். அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள். குரல் எழும்பவில்லை, உதடுதான் அசைந்தது.

"மன்னிச்சிடுங்க அக்கா."

"கேட்டுச்சு," என்றார் அக்கா.