மூன்றும் ஐந்தும் ஏன் சூடாயின

பகல் 12:10. பதிவறை அலாரம் அலறியது.

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை எடுக்கும் அலுவலகம் அது. ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும். பதிவுகளைச் சுமக்கும் ஆறு ஹார்டு டிஸ்க்குகள் ஒரே பெட்டியில், தட்டுக்கு ஒன்றாக இருந்தன. அவற்றுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணை எல்லோரும் 'டிஸ்க் அக்கா' என்பார்கள். பதினொன்றரையிலிருந்து அவள் அழைப்புக் கூடத்தில் பழுதான ஹெட்ஃபோன்களுக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தாள். அலாரம் கேட்டதும் அத்தனையையும் போட்டுவிட்டு ஓடினாள்.

திரையில் நாலாம் எண் சிவந்திருந்தது.

நாலில்தான் அன்று காலைப் பணியின் அழைப்புகள் இருந்தன. பதினொரு மணிக்கு மேல் வருபவை ஐந்துக்குப் போகும்; ஒரு மணிக்கு நாலை நகலெடுப்பார்கள். நகலெடுக்க ஐம்பது நிமிடம் இருக்கையில் அது செத்துவிட்டது. தட்டை உருவி இரண்டு கைகளாலும் ஏந்தினாள். சில்லென்று இருந்தது.

காலை 7:20க்கு ஒரு பெண் அழைத்திருந்தாள். கணவனுக்கு நெஞ்சுவலி. வண்டி போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டார். அழைப்பை எடுத்தவள் டிஸ்க் அக்காவின் கூடப்பிறந்த தங்கை. உடனே வண்டி கேட்டேன் என்கிறாள் தங்கை. முகவரியே கொடுக்கவில்லை என்கிறார் வண்டிகளை அனுப்பும் மேலாளர். யார் சொல்வது நிஜம் என்று சொல்ல அந்தப் பதிவு ஒன்றுதான் இருந்தது. அது இல்லையென்றால் தங்கைக்கு வேலை போவதோடு நிற்காது, வழக்கும் வரும்.

12:15. மேலாளர் விசாரணை அதிகாரியோடு உள்ளே வந்தார். அதிகாரி கண்ணாடி போட்ட, குறைவாகப் பேசும் அம்மாள். பன்னிரண்டு மணிக்கு வாசலில் இறங்கியவரை மேலாளரே வரவேற்று அழைத்துப்போயிருந்தார். திரையில் மூன்றும் ஐந்தும் நாற்பத்தாறு டிகிரியைத் தொட்ட தடத்தை மேலாளர் காட்டினார். வழக்கமாக முப்பத்தெட்டு. ஏசி மக்கர் செய்திருக்கிறது, நடுவிலிருந்த நாலு வெந்து செத்திருக்கிறது, பார்த்துக்கொள்ள வேண்டியவள் பார்க்கவில்லை என்றார். பிறகு அவள் கையிலிருந்த தட்டை வாங்கி, உறையில் போட்டு, அதிகாரியின் கண்ணெதிரிலேயே ஒட்டி, அவரிடமே கொடுத்தார்.

"தங்கச்சிக்காக அக்கா கண்ணை மூடிக்கிட்டாங்களோ என்னவோ," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

12:50. ஏசி கெட்டுப்போனதென்று எழுதி வாங்குவதற்காக மேலாளர் கூப்பிட்ட மெக்கானிக் வந்தார். நாற்பது வயதிருக்கும், மூச்சு விடாமல் பேசுபவர். "நீங்க என்னைவிடச் சின்னவங்கதான். ஆனா எல்லாருக்கும் அக்கான்னா எனக்கும் அக்கா," என்றபடி ஏணியில் ஏறினார். பத்து நிமிடத்தில் இறங்கினார். ஏசிக்கு ஒரு குறையும் இல்லை. சுவரிலிருந்த வெப்பமானி காலையிலிருந்து இருபத்திரண்டை விட்டு நகரவில்லை.

அப்படியென்றால் டிஸ்க்குகள் ஏன் சூடாயின? அவருக்கு அது உறுத்தியது. கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் திரையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

டிஸ்க்குகளைக் கண்காணிக்கும் கணினி நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டிஸ்க்கையும் நலம் விசாரிக்கும். எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறாய், எத்தனை இடம் கெட்டிருக்கிறது என்று. டிஸ்க்கும் பதில் சொல்லும். அந்தப் பதில்கள் ஆறு கோடுகளாகத் திரையில் ஓடின.

"அக்கா, மூணும் அஞ்சும் இப்பவும் ஏறிக்கிட்டே இருக்கே. ரெண்டாவது மேடு. எப்ப ஆரம்பிச்சது?"

"பன்னெண்டே காலுக்கு. நான் தட்டை உருவினதும்."

மெக்கானிக் ஒரு மெல்லிய காகிதத்தைக் கிழித்துப் பெட்டியின் முன்னால் பிடித்தார். காலியாக இருந்த நாலாம் இடத்தில் காகிதம் சர்ரென்று உள்ளே இழுபட்டது. மூன்றுக்கும் ஐந்துக்கும் முன்னால் தொங்கிக்கொண்டு கிடந்தது.

அவர் குதூகலமாக விளக்கினார். பின்னால் இருக்கும் மின்விசிறி முன்னாலிருந்து காற்றை இழுக்கிறது. ஆறு தட்டும் நிறைந்திருந்தால், காற்று இடுக்குகளில் புகுந்து ஒவ்வொன்றையும் தடவிக்கொண்டு போயாக வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டால் நடுவில் அகலமான வாசல் திறந்துவிடுகிறது. காற்று சுத்தச் சோம்பேறி. எல்லாம் அந்த வழியாகவே ஓடிவிடும். ஒரு டிஸ்க் குறைந்தால் பக்கத்தில் இருப்பவை குளிரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நிஜத்தில் அவைதான் வேகும்.

டிஸ்க் அக்காவின் பார்வை முதல் மேட்டுக்குப் போனது. 11:40க்கு ஏற்றம். 12:00க்கு இறக்கம். இரண்டு மேடுகளின் ஏற்றமும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன.

"ஆனா நாலு செத்தது பன்னெண்டு பத்துக்குன்னு மெஷினே சொல்லுதே," என்றார் மெக்கானிக். "அதுவும் அந்தக் கோடு கடைசி முப்பத்தஞ்சு நிமிஷம் அசையவே இல்ல. உயிரோட இருக்கிற டிஸ்க் ஒரு டிகிரியாவது ஏறி இறங்காதா?"

காரணம் அவளுக்குத் தெரியும். மேலாளரைத் தவிர அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தடவை பதில் வரவில்லையென்றாலே அலாரம் அடிக்க வேண்டும் என்பது விதி. ஓய்ந்திருக்கும் டிஸ்க் எழுந்து பதில் சொல்லத் தாமதமாகி, வாரம் மூன்று தடவை அலாரம் வீணாக அலறியதால், ஏழு தடவை தவறினால் மட்டும் அடித்தால் போதுமென்று அவளே மாற்றியிருந்தாள். அதுவரை பழைய எண்ணையே திரை காட்டிக்கொண்டிருக்கும். விசாரணையில் இதைச் சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் தங்கை போவாள்.

1:20. மேலாளரும் அதிகாரியும் தங்கையும் இருந்த அறைக்குப் போய் அவள் சொல்லிவிட்டாள்.

"ஒத்துக்கிட்டாங்க பாருங்க," என்றார் மேலாளர்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "ஏழு தடவைன்னா?"

"முப்பத்தஞ்சு நிமிஷம் மேடம். பன்னெண்டு பத்துக்கு அலாரம்னா, நாலு கடைசியா பதில் சொன்னது பதினொன்னு முப்பத்தஞ்சுக்கு. அதுக்கப்புறம்தான் யாரோ தட்டை உருவியிருக்காங்க. மூணும் அஞ்சும் சூடானது அதனால. பன்னெண்டு மணிக்குள்ள திரும்பச் சொருகிட்டாங்க."

"இருபது நிமிஷம் எதுக்கு?"

"கழட்ட எட்டு ஸ்க்ரூ, மாட்ட எட்டு ஸ்க்ரூ," என்றார் வாசலில் நின்ற மெக்கானிக். "தட்டு அதேதான். உள்ள இருக்கிற டிஸ்க்தான் வேற."

"வெந்து செத்ததுன்னா கையைச் சுட்டிருக்கணும்," என்றாள் டிஸ்க் அக்கா. "நான் எடுத்தப்போ சில்லுன்னு இருந்துச்சு. அப்ப எனக்கு அது உறைக்கல."

உறையைக் கிழித்தார்கள். அவள் பதிவேட்டைத் திறந்து, நாலாம் எண்ணுக்கு நேரே எழுதியிருந்த தொழிற்சாலை எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். டிஸ்க்கில் இருந்தது வேறு. அது போன வருடம் கழித்துக்கட்டி அலமாரியில் போட்ட டிஸ்க்.

பதிவறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று அவளுடையது, பதினொன்றரையிலிருந்து அவள் கூடத்தில் பத்துப் பேர் நடுவில் இருந்தாள். மற்றது மேலாளருடையது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"பன்னெண்டு மணிக்கு மேல நீங்க என்னை விட்டு ஒரு அடி நகரல. அலாரம் அடிச்ச நேரத்துக்கு என்னையே சாட்சி ஆக்கிட்டீங்க. பதினொன்னு முப்பத்தஞ்சுக்கு எங்க இருந்தீங்க?"

மேலாளர் தன் மேசை இழுப்பறைச் சாவியை எடுத்து வைத்தார். ஒரு பெரிய மனிதரின் அம்மாவை வழக்கமான பரிசோதனைக்கு அழைத்துப்போக வண்டியை நிறுத்தி வைத்திருந்ததாகச் சொன்னார். அரை மணியில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாராம்.

1:55. மேலாளரின் இழுப்பறையில் கைத்துண்டில் சுற்றியிருந்த நாலாம் டிஸ்க்கை டிஸ்க் அக்கா பொருத்தினாள். கீழே விழுந்து அடிபட்டிருக்குமோ என்று காதை வைத்துக் கேட்டாள். சன்னமாகச் சுழலத் தொடங்கியது. கெட்ட இடங்கள் பூஜ்யம் என்று பதில் வந்தது. ஆனாலும் அவள் விரல் பொத்தானை அழுத்தத் தயங்கியது. தங்கை நிஜமாகவே ஏதாவது தப்புச் செய்திருந்தால்?

அழுத்தினாள்.

தங்கையின் குரல் முகவரியை இரண்டு முறை நிதானமாகச் சொன்னது. வண்டி கேட்டது. சார், வண்டி கிளம்பிடுச்சா என்று கேட்டது. மறுபடியும் கேட்டது. கிளம்பிவிட்டது என்று மேலாளரின் குரல் இரண்டு முறையும் பதில் சொன்னது. வண்டிப் பதிவேட்டில் புறப்பட்ட நேரம் 7:52 என்று இருந்தது. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு, தங்கையின் பெயருக்கு நேரே எழுதியிருந்த குற்றச்சாட்டைக் கோடு போட்டு அடித்தார்.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டி கிளம்பிடுச்சும்மா," என்றது தங்கையின் குரல். "இதோ வந்துடும். கதவைத் திறந்து வச்சுட்டு வாசல்ல நில்லுங்க."

"சரிம்மா," என்றாள் அந்தப் பெண். "நிக்கிறேன்."

தங்கை எழுந்து வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"நிறுத்து அக்கா," என்றாள். "அவங்க நின்னுக்கிட்டே இருந்தாங்க."