முட்டுக் கொடுத்த சுவர்

மழைக்கு ஒதுங்கத்தான் அவள் அந்தத் தகர வேலிக்குள் நுழைந்தாள்.

பஸ் நடுரோட்டில் படுத்துவிட்டது. குடையோ முதல் காற்றுக்கே பின்பக்கமாக மடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தது பாதி கட்டிய ஒரு கிடங்கு மட்டும்தான். கூரை இன்னும் வரவில்லை. தனியாக நின்ற உயரமான கான்கிரீட் சுவர் ஒன்றின் மறைவில் வேலையாட்கள் சிலர் ஒண்டியிருந்தார்கள். அவளும் போய் ஒண்டிக்கொண்டாள்.

நனைந்தாலும் தொழில் புத்தி போகவில்லை. கட்டட டிசைன் ஆபீஸில் வேலை பார்க்கிறவள் அவள். இது தரையிலேயே படுக்கவைத்து வார்த்து, இறுகிய பிறகு கிரேனால் தூக்கி நிமிர்த்துகிற சுவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. வரைபடத்தில் பார்த்திருக்கிறாள்... நேரில் இதுதான் முதல் தடவை. கூரை வந்து பிடிக்கும்வரை, சாய்வாக முட்டுக் கொடுத்த இரண்டு இரும்புக் குழாய்கள்தான் அதற்கு உயிர். அவள் கண்கள் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கின. தரையோடு அதை இணைத்த போல்ட்டில் வந்து நின்றன.

தரை கான்கிரீட் முடிகிற விளிம்புக்கு மிக அருகில் இருந்தது அந்த போல்ட். அதிலிருந்து விளிம்புவரை முடி கனத்தில் ஒரு விரிசல். மழைநீர் அதில் இறங்கிக்கொண்டிருந்தது.

சட்டென்று வேலையாட்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் இங்கேருந்து வெளியே வாங்க" என்றாள். யாரும் அசையவில்லை. மழையில் எங்கே போவது?

"நீங்க யாருங்க? ஹெல்மெட் இல்லாம எப்படி உள்ளே வந்தீங்க?"

குரல் வந்த பக்கம் திரும்பினாள். மழையில் தொப்பலாக நனைந்து ஒருவன் நின்றிருந்தான். அந்த இடத்தின் இன்ஜினியர். வேலையாட்களுக்கு அவன் 'சின்னவர்'; காண்டிராக்டரான அவன் அண்ணன் 'பெரியவர்'. கோபமான கண்கள்... ஆனால் எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்கத் தெரிந்த கண்கள்.

"அதை அப்புறம் கேளுங்க சார். முட்டோட கால் விளிம்புல இருக்கு. காத்து சுவத்தைத் தள்ளினா ஓரம் பிச்சுக்கும். சுவர் இவங்க தலை மேலதான் வரும்."

அவன் மண்டியிட்டு விரிசலில் விரலை வைத்தான். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. கையை வீசி எல்லோரையும் விரட்டினான். சுவர் விழுந்தாலும் எட்டாத தூரத்துக்குப் போன பிறகுதான் நிற்கவிட்டான்.

அப்போதுதான் வெல்டர் ஒருவர் விட்டுவந்த பையை எடுக்கத் திரும்பி ஓடினார். அவனும் அவர் பின்னாலேயே ஓடினான். அதே நேரம் பார்த்துக் காற்றும் வந்தது.

முட்டுக்குழாய் அதிர்ந்தது. சுவரின் உச்சி லேசாக ஆடியது போல இருந்தது... நிஜமாகவே ஆடியதா? யாரோ முன்பின் தெரியாத ஒருவன். போகாதீங்க, போகாதீங்க என்று உதடு மட்டும் துடித்தது. வெல்டரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவன் வெளியே வரும்வரை அவள் இமைக்கவில்லை. ஓடிவந்த அவனும் அவளைப் பார்த்தான்.

காற்று அடங்கியது. சுவர் அப்படியே நின்றது.

சத்தம் கேட்டு வந்த பெரியவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி நிக்குது. பஸ் சரியாயிடுச்சு, கிளம்பப் போகுது பாருங்க மேடம்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனை மறுத்து ஒன்றும் சொல்லவும் இல்லை. அந்த மௌனம்தான் அவளைச் சுட்டது. நனைந்த முகத்தோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அவள் போனதும் அவன் கிரேனை வரவழைத்துச் சுவரைப் பிடிக்கவைத்தான். முட்டுக் காலைக் கழற்றி, அந்த போல்ட்டை ஜாக்கி வைத்துத் தள்ளிப் பார்த்தான். தாங்க வேண்டிய பாரத்தில் பாதிகூட ஏறவில்லை. விளிம்பு போல்ட்டோடு பெயர்ந்து வந்தது. அண்ணன் பெயர்ந்த துண்டைக் காலால் புரட்டிப் பார்த்தார். பிறகு, சத்தமில்லாமல் மாற்றிவிடு, வழியில் போனவளிடம் போய் நம் தப்பைச் சொல்லிக்கொண்டு நிற்காதே என்றார். அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்தவர் அவர். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை அவனுக்கு.

அவள் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகும். அந்த வேலி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் திருப்ப மறந்துவிட்டாள். தரையைத் தோண்டிப் பெரிய கான்கிரீட் கட்டைகள் வார்த்து, முட்டுகளை அவற்றில் மாட்டியிருந்தார்கள். அப்படியானால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது... தெரிந்தும் ஒரு வார்த்தை இல்லை. பாராட்டையா கேட்டாள்? அன்று ஆபீஸில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள்.

மறுநாள் அந்த வேலிக்குப் பக்கத்து நிறுத்தத்தில் அவன் ஏறினான். நேராக அவள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உங்களைத் தேடி எத்தனை பஸ் ஏறி இறங்கினேன்னு எனக்கே கணக்கில்லைங்க. நீங்க சொன்னதுதான் சரி. ஓரம் பேந்து வந்துடுச்சு. அன்னிக்கே சொல்லாதது என் தப்பு. போன வாரம்தான் அண்ணன் முன்னாடி, ஆளுங்க எல்லாரையும் வச்சுக்கிட்டே சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?" அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒரு வாரம் பேசலை. நேத்து, அடுத்த சுவத்தை நிமிர்த்தறதுக்கு முன்னாடி உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "இதைச் சொல்லவா பஸ் பஸ்ஸா ஏறினீங்க?"

"இது பாதிதான்..."

"மீதி?"

அவன் காது சிவந்தது. "அன்னிக்கு நான் உள்ளேருந்து ஓடி வந்தப்போ நீங்க என்னைப் பார்த்தீங்க. அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லைங்க. மறந்துடலாம்னு பார்த்தேன், முடியலை. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது... போய்விட்டது.

"அன்னிக்கு எனக்குப் பயம். காத்து நின்னதும் போயிடும்னு நினைச்சேன். போகலை" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "யாருன்னே தெரியாத ஒருத்தருக்காக நான் ஏன் இப்படித் தவிக்கணும்னு தினமும் என்னையே கேட்டுக்கிட்டேன். பதில் தெரியலைன்னு ஏமாத்திக்கிட்டேன்..."

இருக்கையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"தெரியும். உட்காருங்க."