ஐரிடாவுக்குக் கொடுத்த கன்னம்

இடது காலணி ஒட்டிலியாவைச் சாய்த்தது. பிறவியிலேயே இரண்டு விரற்கடை குட்டையான காலுக்காக அடி தடிமனாகத் தைத்த காலணி. அதைப் போட்டால்தான் அவளால் நிமிர முடியும். கழற்றிவிட்டு நின்று பார்த்தாள். இரண்டு காலும் சமமாக இருந்தன.

மாலை நான்கு மணிக்கே தன்யூப் ஆற்றுப் பனிமூட்டம் ஆறாம் மாடி ஜன்னலை அடைத்திருந்தது; பக்கத்து வீட்டில் முட்டைக்கோஸ் வேகும் நெடி சுவர் தாண்டி வந்தது, வெந்நீர்க் குழாய் விட்டுவிட்டு முனகியது. மேசையில் கணினி திறந்து கிடந்தது. தொலைக்காட்சித் தொடரில் வரும் கேப்டன் ஐரிடாவை வைத்து, ரசிகர்கள் தளத்தில் அவள் எழுதிவரும் கதை. தொடரில் ஐரிடா செதுக்கி வைத்தாற்போல் இருப்பாள். ஒட்டிலியா அவளுக்குத் தன் குட்டைக் காலைக் கொடுத்தாள். தன் கன்னத்தில் இருந்த உள்ளங்கை அகலச் சிவப்பு மச்சத்தையும், தன் கரகரத்த குரலையும் கொடுத்தாள். ‘எங்க ஐரிடாவ நொண்டியாக்கிட்டியே’ என்று வாசகர்கள் ஒரு வாரமாக வறுத்தெடுத்தார்கள். நொண்டி கப்பலோட்டினால் கடல் வற்றிவிடுமா என்ன?

தொலைபேசியில் ஸ்மராந்தா. அத்தியாயங்களைத் திருத்திக் கொடுக்கும் தோழி.

“ஏண்டி, ‘கதாபாத்திரம் என்னுது இல்ல, இரவல்தான்’னு எல்லாரும் கதைக்கு மேல ஒரு வரி போடுவோமே, அத ஏன் தூக்கின?”

“ரொம்பத்தான் வெறுப்பேத்துறாங்க. ‘ஐரிடா நான்தான், என்னுதெல்லாம் அவளுது’ன்னு மாத்திட்டேன்.”

“கொழுப்புடி உனக்கு! கீழ ஒருத்தி பதில் போட்டிருக்கா பாரு. ‘கால் வந்து சேந்துச்சு. மிச்சத்துக்கு நேர்ல வர்றேன்’னு. பேரு ஐரிடாவாம்.”

ஒட்டிலியா சிரிக்கப் பார்த்தாள். மாடிப்படியில் சத்தம். ஓர் அடி கனமாக, ஓர் அடி இழுத்து.

அவளுடைய நடை.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு ஓடினாள். கன்னம் வழவழவென்று வெளுத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்த மச்சத்துக்காக அழாத நாளில்லை. தொலையட்டும் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அடுத்த கணமே அந்த இடத்தை விரலால் தேய்த்துத் தேய்த்துத் தேடினாள். முப்பத்து நான்கு வருடம் சுமந்த முகம். யாரைக் கேட்டு எடுத்தாள்?

நான்காம் மாடி. ஐந்தாம் மாடி.

கதவு தட்டப்படும்வரை அவள் காத்திருக்கவில்லை. தானே திறந்தாள்.

தொடரின் விளம்பரப் படத்து அழகி. சாய்ந்த இடுப்பு. கன்னத்தில் சிவப்பு மச்சம்.

ஒட்டிலியா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

“நீதானே குடுத்த?” என்றது எதிரே நின்ற வாய், அவளுடைய கரகரத்த குரலில். “மிச்சத்தையும் எழுது.”

ஒட்டிலியா பின்வாங்கவில்லை. தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. இரண்டு கையாலும் அந்தக் கன்னத்தைப் பற்றினாள். மச்சத்தை இழுத்தாள். வந்தது. சூடாக, துடித்துக்கொண்டு.

மச்சம் இருந்த இடத்தில் ஐரிடாவுக்கு எலும்பில்லை, ரத்தமில்லை. வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து மெலிந்த விரல்கள் நீண்டு, ஒட்டிலியாவின் மூடிய கைப்பிடியை ஒவ்வொரு விரலாகப் பிரிக்கத் தொடங்கின. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.