ஒரு வரி கீழே

அம்ருதாவின் பெயருக்கு எதிரே இருந்த இறந்த தேதியைக் காணவில்லை.

ஹ்ருஷிகேஷ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். பெரியப்பா தாறுமாறாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த நானூறு பெயர்களையும் வம்சாவளி மென்பொருளுக்கு ஏற்றபடி மாற்ற, எழுத்துகளைத் தேடி இடம் மாற்றுகிற ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்று எழுதி இப்போதுதான் ஓடவிட்டிருந்தான். புள்ளி, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. எது வந்தாலும், எவ்வளவு வந்தாலும் விழுங்கு என்று அதற்கு அர்த்தம். அவசரக்காரன் செய்கிற தப்பு. விழுங்கியதை வேறு எந்த வரியிலாவது துப்பியிருக்கும். தேடி எடுத்து வைத்தால் தீர்ந்தது.

அவன் தேடவில்லை. நாற்பது நாள் மட்டும் இருந்துவிட்டுப் போன அவனுடைய குழந்தை அது. அத்தனை சின்னதை எல்லாம் வம்சாவளியில் சேர்க்கிற வழக்கமில்லை என்று பெரியப்பா சொன்னபோது, மனைவி சத்யபாமாதான் பிடிவாதம் பிடித்தாள்.

"நாப்பது நாளானாலும் அவ நம்மாத்துப் பொண்ணு. எழுதுங்கோ."

ஆறு வருடம் ஆகிவிட்டது. பிறந்த தேதியோடு நின்றுபோன அந்த வரியை அவன் மறுபடி மறுபடி படித்தான். உயிரோடு இருப்பவர்களின் வரி அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கோப்பைச் சேமித்தான்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

கீழே அம்மா மண்டபம் சாலையில் பள்ளி வேன் ஒன்று ஹாரன் அடித்து நின்றதும், லிஃப்ட் கதவு கிறீச்சிட்டுத் திறந்ததும், சின்ன ஷூக்கள் இரண்டு தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்ததும், டிபன் டப்பாவில் மிஞ்சிய தயிர்சாதத்தின் புளித்த வாசனை கதவிடுக்கு வழியே உள்ளே நுழைந்ததும் ஒரு மூச்சுக்குள் நடந்தன. அந்த மாடியில் குழந்தைகள் உள்ள வீடே கிடையாது.

ஷூ சத்தம் அவன் வாசலில் நின்றது.

"பாமா, யாருன்னு பாரேன்."

எழுந்து சமையலறைக்குப் போய்ப் பார்த்தான். மேடையில் மிக்சியே இல்லை. ஒரு தட்டு. ஒரு டம்ளர். தனியாளின் சமையலறை.

கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம். சத்யபாமா. இன்று காலை கொசுவத்தை நீவிவிடச் சொன்னாளே, அதே பச்சைப் புடவை.

கணினிக்கு ஓடினான். அம்ருதாவுக்கு ஒரு வரி கீழே சத்யபாமாவின் பெயர். எதிரே, காணாமல் போயிருந்த அந்த இறந்த தேதி.

செய்ததைத் திருப்பிவிட ஒரே ஒரு அன்டூ போதும். பாமா வந்துவிடுவாள். விசையில் விரலை வைத்தான்.

"அப்பா, கதவைத் தொற. பை கனக்கறது."

கேட்டே இராத குரல். ஆனாலும் யாருடையது என்று தெரிந்தது.

"நான் என்னடி பண்ணுவேன், பாமா?" வாய்விட்டு அழுதான்.

காலியான சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"அவளுக்குப் பசிக்குமோன்னோ. போய்த் தொறங்கோ."

விரலை எடுத்தான். தாழ்ப்பாளை விலக்கினான்.

ஆறு வயதுப் பெண் ஒருத்தி ஷூவைக் கழற்றிவிட்டு, அவனைத் தாண்டி நேரே படத்துக்குக் கீழே போய் நின்றாள். தினமும் செய்கிறவள்போலக் கை கூப்பினாள்.

"அம்மா, வந்துட்டேன்."