பேன் பார்க்கும் புதன்கிழமை

அந்தப் புதன்கிழமை காலையில் யோரீன் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். மகள் ஃபென்னாவுக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டாள்.

இலையுதிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் வரும் முதல் புதன்கிழமை, பெற்றோரில் சிலர் வந்து எல்லாக் குழந்தைகளின் தலையிலும் பேன் பார்ப்பார்கள். அன்றைக்குச் சடை கூடாது, கூந்தலை விரித்துத்தான் அனுப்ப வேண்டும்... ஏழு வயது ஃபென்னாவின் கூந்தலோ இடுப்பைத் தொடும். அதை இறுக்கிப் பின்னி, நுனியில் சிவப்பு ரிப்பன் வேறு.

மழையில் சைக்கிள் மிதித்து, சொட்டச் சொட்ட இருவரும் பள்ளிக்குள் நுழைந்தார்கள். நான்கு வயதிலேயே முதல் வகுப்பு தொடங்கும் நாடு அது; ஃபென்னா இப்போது நான்காம் வகுப்பு. அந்த வகுப்பு வாசலில் ஒரு வெளிச்சம் நேராக யோரீனின் கண்ணில் அடித்தது. நெற்றியில் டார்ச் மாட்டிய ஒரு நெடிய உருவம். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

“இன்னிக்குச் சடையா? பள்ளிக்கூடச் செய்திமடலைப் படிக்கிறதில்லையா நீங்க?”

யோரீனுக்குக் காது சூடாகிவிட்டது.

“படிக்கிறதில்லைங்க... நான்தான் எழுதறேன்.”

டார்ச் அணைந்தது.

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். மழை விட்டதும் கால்வாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் தெரியுமே, சாம்பலா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு நிறம்... அந்த நிறம். அவை அவளைக் கேலி செய்வதாகத்தான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தக் கண்களில் இருந்தது ஆச்சரியம்.

“நீங்களா அது?” என்றான் அவன், மெதுவாக.

எது? கேட்க நேரமில்லை. ஒன்பது மணிக்கு அவள் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருக்க வேண்டும். அவன் மண்டியிட்டு, சடையை அவிழ்க்க அனுமதி உண்டா என்று ஃபென்னாவிடமே கேட்டான். ஃபென்னா பெரிய மனதோடு கொடுத்தாள். யோரீன் திரும்பி ஓடினாள். பாலம் தாண்டும்வரை அந்தக் கண்கள் கூடவே வந்தன... சீ, என்ன இது, பேன் பார்க்க வந்த மனிதர், என்று தன்னையே கடிந்துகொண்டு வேகமாக மிதித்தாள்.

பத்தரை மணிக்கு வகுப்பாசிரியை டில்டெ தொலைபேசியில் அழைத்தார். ஃபென்னாவின் தலையில் பேன் இருக்கிறது. பதினொன்று.

அவர் இதமாகத்தான் சொன்னார். எந்தக் குழந்தைக்கும் வரும், பெயரை யாருக்கும் சொல்வதில்லை, விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன், வழக்கம்போல் பெயர் இல்லாமல் எல்லாக் குடும்பங்களுக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பிவிடுங்கள், என்றார். யோரீனுக்குக் காதில் விழுந்தது பாதிதான். கணவன் பிரிந்து போய் இரண்டு வருடம். இந்த இரண்டு வருடமும் அவள் ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தாள். தனி ஆள், அதனால்தான் பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லிவிடக் கூடாது. சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு, சடை, ரிப்பன்... எதிலும் குறை வைத்ததில்லை. இப்போது பதினொன்று.

ஒரு நோயாளி உள்ளே போக, அடுத்தவர் கோட்டைக் கழற்ற, அந்த இடைவெளியில் அவசர அவசரமாக அறிவிப்பைத் தட்டினாள். நூற்று நாற்பது குடும்பங்களுக்கும் அனுப்பினாள்.

பகலில் பள்ளி விட்டு ஃபென்னா வேறு மாதிரிச் சடையோடு வெளியே வந்தாள். நாலு கால் பின்னல். நுனியில் ரிப்பனுக்கு ஒரு விசித்திரமான முடிச்சு. போட்டுவிட்டது அந்த மனிதராம். பெயர் வெஸல். ஐந்தாம் வகுப்பு மெல்ஸின் அப்பா. மெல்ஸின் அம்மா தெற்கே எங்கோ வேறு குடும்பத்தோடு இருக்கிறார். வீட்டில் அப்பாவும் பிள்ளையும் மட்டும்தான். இத்தனையும் சைக்கிளின் பின்னாலிருந்து ஒரே மூச்சில் வந்தது.

“அவரு துலிப் தோட்டத்துல வேலை பாக்குறாரும்மா. வசந்தத்துல வரிசை வரிசையா நடந்து, நோய் புடிச்ச பூவை மட்டும் தேடிப் புடுங்குவாராம். லட்சம் பூவுல ஒண்ணு இருந்தாலும் கண்ணுல பட்டுடுமாம். அதான் என்னோடது பதினொண்ணும் மாட்டிக்கிச்சு.”

“அதை யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதடி.”

“ஏம்மா? பதினொண்ணு நிறைய இல்லையா?”

அன்று மாலை பேன் சீப்போடு உட்கார்ந்தபோது அந்த முடிச்சு எளிதில் அவிழவில்லை. கத்தரித்திருக்கலாம். ஆனால் யோரீன் கத்தரிக்கவில்லை. பொறுமையாக, நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்தாள்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் இர்மா என்ற ஒரு தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கள் வீட்டில் போன வருடம் மூன்று பேருக்கும் இருந்ததாம். ஒரு தைலத்தையும் நல்ல சீப்பு ஒன்றையும் கையில் திணித்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தாய்மார்கள், பாவம் என்பதுபோல் ஒரு புன்னகை...

எப்படித் தெரியும் என்று இர்மாவிடம் கேட்டிருக்கலாம். தலையைப் பார்த்தது ஒருவன்தான். அவன் அதோ, சைக்கிள் நிறுத்துமிடத்தில், மெல்ஸின் பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் அவளை இன்னும் எரித்தது.

“தலையைப் பார்க்கத்தானே உங்களை விட்டாங்க? ஊரெல்லாம் போய்ச் சொல்லச் சொன்னாங்களா?”

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது.

“நான் யார்கிட்டயும் பேசலைங்க.”

“ஆமா, பேன் தானா நடந்து போய்ச் சொல்லிச்சாக்கும்.”

ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு பள்ளிக்குள் நடந்து போனான்... அந்த நடையில் கோபம் இல்லை. அதுதான் வேலை நேரம் முழுவதும் அவளை உறுத்தியது.

மதியம் டில்டெயிடமிருந்து மறுபடி மின்னஞ்சல். நாளைய செய்திமடலில் சேர்க்க வேண்டும்: நான்காம் வகுப்புக்குப் பேன் பார்க்க ஒரு பெற்றோர் தேவை. வெஸல் விலகிக்கொண்டார். பெற்றோருக்கு நம்பிக்கை இல்லையென்றால் குழந்தைகளின் தலையைத் தொடுவது முறையில்லை என்று சொல்லி, டார்ச்சை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

யோரீன் முறையாக வேலை செய்பவள். புதிய அறிவிப்பைப் பழைய அறிவிப்பின் அமைப்பிலேயே எழுதலாம் என்று புதன்கிழமை அனுப்பியதைத் திறந்தாள். அவள் எழுதிய மூன்று வரி. ‘செய்திமடல் குழு’ என்று கையெழுத்து. அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு... டில்டெயின் குறிப்பு. அப்படியே. அழிக்காமல்.

ஃபென்னா, நான்காம் வகுப்பு, பதினொன்று.

நூற்று நாற்பது குடும்பங்களுக்கும் சொன்னது வேறு யாருமில்லை. அவளேதான்.

நீண்ட நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் இருந்துவிட்டால்? யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டு வாரத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அவன் மட்டும் மறக்க மாட்டான்... ‘நான் யார்கிட்டயும் பேசலைங்க.’ எவ்வளவு அமைதியாகச் சொன்னான். அந்த மலர்ந்த முகம் இனி அவளுக்காக ஒருபோதும் மலராது. அதை நினைத்ததும் நெஞ்சில் ஏதோ இறங்கியது. வெறும் குற்ற உணர்ச்சி என்று சொல்லிப் பார்த்தாள். அவளாலேயே நம்ப முடியவில்லை.

வெள்ளிக்கிழமை செய்திமடலில் மூன்று செய்திகள் இருந்தன. ஒன்று, இன்று பகல் இரண்டு மணிக்கு வேலியோரம் துலிப் கிழங்கு நடுவோம், குடும்பத்தோடு வாருங்கள், மண்வெட்டி கொண்டுவாருங்கள். இரண்டு, அடுத்த வாரம், காட்டில் மரத்தடியில் உதிர்ந்த கஷ்கொட்டைகளைப் பொறுக்க ஒரு நடை. மூன்றாவதை, டில்டெ கேட்ட அறிவிப்பின் இடத்தில், அவள் ஐந்து முறை எழுதினாள், ஐந்து முறையும் திருத்தினாள். மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. கடைசியில், அழகாக இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டாள்.

‘புதன்கிழமை அறிவிப்பில் என் மகளின் பெயரைக் கவனக்குறைவாக வெளியிட்டது நான். வியாழக்கிழமை அந்தப் பழியை எல்லோர் முன்னாலும் வெஸல் மீது போட்டதும் நான். அவர் ஒரு வார்த்தைகூட வெளியே சொல்லவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். யோரீன், ஃபென்னாவின் அம்மா.’

மூன்றாவதாக இருந்ததை முதலாவதாக மாற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். மணி பத்து ஏழு.

உலகம் இடிந்து விழவில்லை. இர்மாதான் முதலில் பதில் அனுப்பியிருந்தாள்: போன வருடம் எங்கள் வீட்டில் மொத்தம் நாற்பது. அதற்குப் பின் ஒருவர் பின் ஒருவராக, தங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மேசைக்குப் பின்னால் யோரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருடமாகத் தோளில் சுமந்தது ஏதோ நழுவியதுபோல் இருந்தது. ஆனால் அவனிடமிருந்து மட்டும் ஒரு வரி இல்லை.

இரண்டு மணிக்கு மழைத் தூறலோடு நடவு தொடங்கியது. கிழங்கு மூட்டைகளை இறக்கியது வெஸல்தான். குழந்தைகளுக்கு எந்தப் பக்கம் மேலே என்று காட்டிக்கொண்டிருந்தான். யோரீன் அருகே போனாள். மூட்டை வாய்களில் அதே முடிச்சு.

“படிச்சீங்களா?”

“வெள்ளிக்கிழமை மடலை நான் தவறவிடறதில்லைங்க. ஒரு வருஷமா வரி விடாம படிக்கிறேன். ‘குழந்தைகள் சேறு பூசிக்கொள்வார்கள், அதற்காகத்தான் அழைத்துப் போகிறோம்’னு போன மாசம் எழுதியிருந்தீங்க. அதை அச்செடுத்துக் கத்தரிச்சு சமையலறையில ஒட்டியிருக்கேன். கீழே குழுன்னு போட்டிருக்கும், யாருன்னு தெரியாது. புதன்கிழமைதான் தெரிஞ்சுது.”

‘நீங்களா அது...’ அவளுக்கு இப்போது புரிந்தது. மழைத்துளி இமையில் நின்றது. துடைக்கத் தோன்றவில்லை.

“கோபம் இல்லையா?”

“இருந்துச்சு. பத்து மணி ஏழு நிமிஷம் வரைக்கும்.”

அதற்கு மேல் என்ன பேசுவது? கால் நகரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டாள். புதன்கிழமையிலிருந்தே அரிப்பு. பேன்தானா, மனப்பிரமையா, தெரியவில்லை. ஃபென்னாவின் தலையை அவள் பார்க்கலாம். அவள் தலையை...

“ஒண்ணு கேட்பேன், சிரிக்கக் கூடாது,” என்றாள். குரல் தணிந்துவிட்டது. “எனக்கும் அரிக்குது. என் தலையைப் பார்க்க வீட்ல ஆள் இல்லைங்க.”

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டினான்.

நான்காம் வகுப்பு காலியாக இருந்தது. குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். டார்ச் இன்னும் மேசைமேல்தான் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டான். ஈரக் கூந்தலில் விரல்கள் இறங்கின... வகிடு எடுத்து, காதோரம் ஒதுக்கி, பிடரிவரை... இரண்டு வருடத்தில் அவள் தலையை யாரும் தொட்டதில்லை. ஜன்னலில் மழை இழை இழையாக வழிந்தது. வெளியே ஃபென்னா, மெல்ஸுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். யோரீனின் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

“இருக்கா?”

“இருங்க.”

வகிடு இடம் மாறியது. மறுபடியும் காதோரம். மறுபடியும் பிடரி. வெளியே மண்வெட்டிச் சத்தம் ஓய்ந்து, யாரோ சூடான ஆப்பிள் சாறு குடிக்கக் கூப்பிட்டார்கள்.

“இவ்வளவு நேரமா? நிறைய இருக்கா?”

“ஒண்ணுமில்லைங்க. ஒரு ஈர் கூட இல்ல.”

அப்பாடா என்று அவள் விட்ட மூச்சில் தோள் இரண்டும் இறங்கின. பிறகுதான் தோன்றியது.

“அது எப்போ தெரிஞ்சுது?”

பின்னால் விரல்கள் ஓர் இழையைக் காதுக்குப் பின் ஒதுக்கின.

“ரெண்டாவது நிமிஷத்துலயே.”

“அப்புறம் ஏன்...”

“சொன்னா எழுந்து போயிடுவீங்களே.” விரல்கள் அசையாமல் நின்றன. “ஒரு வருஷமா வெள்ளிக்கிழமை மடலுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். புதன்கிழமைக்கு அப்புறம் மடல் மட்டும் போதலைங்க, யோரீன்.”

தன் பெயரை அவன் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவள் எழுந்திருக்கவும் இல்லை.

“எனக்கும்தான்,” என்றாள், மிக மெல்ல. “புதன்கிழமை சாயங்காலம் உங்க முடிச்சைக் கத்தரிக்க மனசு வரலை.”

டார்ச் அணைந்த சத்தம் கேட்டது. ஆனாலும் அவன் கையை எடுக்கவில்லை.

“அந்தப் பக்கம் சரியாப் பார்க்கலைன்னு நினைக்கிறேன்,” என்று அவள் தலையை அவன் பக்கம் சாய்த்தாள். “இன்னொரு தடவை பாருங்க...”