பெரியம்மா எப்போது வரலாம்?

பாலைவனத்தின் ஓரத்தில் ஓர் ஊர். அங்கே பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளை வீட்டில் எல்லாரும் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பத்து. தன் ஊரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டால், ஒன்பது வார்த்தை சொல்லுவாள்.

அன்று காலை பெரியம்மா வீடியோ காலில் வந்தார். மழை கொட்டுகிற ஊரில் இருப்பவர் அவர். ஆறு வருடமாக, "இதோ வர்றேன், அதோ வர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இந்த மார்ச் விடுமுறைக்குக் கட்டாயம் வருவதாகச் சொன்னார். பாலைவன ஊருக்குப் போக எது நல்ல மாதம் என்று இணையத்தில் தேடினாராம். வெயிலும் இல்லை, குளிரும் இல்லை, மார்ச்தான் என்று போட்டிருந்ததாம்.

பெரியம்மாவின் மகனுக்குத் துரை என்று பட்டப்பெயர். எல்லாரையும் அதிகாரம் செய்வான். பொடிசைவிட ஆறு மாதம்தான் சின்னவன். மணல்மேட்டில் ஏறாமல் திரும்பப் போவதில்லை என்று அவன் பின்னாலிருந்து அறிவித்தான்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே மெத்தை உறைகளைத் துவைக்கப் போட்டார். பொடிசு நாள் எண்ண ஆரம்பித்தாள். இன்னும் இருபத்தொரு நாள்.

அந்த வீட்டில் ஜன்னல் துடைப்பது பொடிசும் அண்ணனும் பங்குபோட்டுக்கொண்ட வேலை. "நான்தான் அதிகம் துடைச்சேன்" என்று இரண்டு பேரும் எலியும் பூனையுமாக நிற்பார்கள். அதனால் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். துடைக்கும்போதெல்லாம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் ஒரு கோடு போட வேண்டும். சாதாரண நாளில் ஒரு கோடு. தூசிக்காற்று வீசினால் இரண்டு, மூன்று.

சாயங்காலம் பொடிசு தன் கோட்டைப் போட்டுவிட்டு, மணல்மேட்டுக்கு எந்த நாளில் போகலாம் என்று பார்க்க அடுத்த மாதத்தைப் புரட்டினாள். போன மார்ச் எப்படி இருந்தது? பழைய காலண்டர் அடியிலேயே தொங்கியது. எடுத்துப் பார்த்தாள்.

போன மார்ச்சில் பத்தொன்பது நாட்களுக்கு மும்மூன்று கோடுகள். டிசம்பரிலோ எல்லா நாளும் ஒற்றைக் கோடு.

துரைக்கு மூச்சிரைப்பு உண்டு. வீட்டில் ஒட்டடை அடித்தாலே அவனுக்கு இழுக்க ஆரம்பித்துவிடும். போதாததற்கு, "உங்க ஊர்ல தூசி வருமா?" என்று போன வருடம் அவன் கேட்டபோது, பொட்டுத் தூசி கிடையாது என்று அளந்துவிட்டவள் இவள்தான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பொடிசு வாயே திறக்கவில்லை. காய்ச்சலோ என்று அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகுதான் எழுந்துபோய்க் காலண்டரைக் கொண்டுவந்து காட்டினாள்.

அப்பா அந்தக் கோடுகளை விரலால் தடவினார். காற்று வீசும் நாட்களில் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் பேருந்தை ஓட்டுகிறார். பழகிப்போனதால் தனக்கே இது தோன்றாமல் போய்விட்டதே என்றார். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"ஒரு வாரம்தானே, ஜன்னலை எல்லாம் சாத்தி வச்சுக்கலாம்."

"அவன் ஊரைப் பாக்க வர்றான்மா. சாத்துன ஜன்னலைப் பாக்கவா வர்றான்?" என்றாள் பொடிசு.

அம்மா கைப்பேசியை எடுத்தார். தானே பேசுவதாகச் சொல்லிப் பொடிசு அதை வாங்கிக்கொண்டாள்.

பெரியம்மாவிடம் காலண்டரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். இணையத்தில் நல்ல மாதம் என்று போட்டிருக்கிறதே என்று பெரியம்மா இரண்டு முறை கேட்டார். அவர்கள் வெயிலை மட்டும் பார்த்து எழுதியிருப்பார்கள், ஜன்னல் துடைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள் என்றாள் பொடிசு. பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

துரைக்கு வரவில்லை. "தூசியே இல்லைன்னு சொன்னே?"

பொடிசின் காது சூடாகியது. "பொய் சொல்லிட்டேன்டா. எங்க ஊரை நீ ஒரு குறையும் சொல்லிடக்கூடாதுன்னு பாத்தேன். டிசம்பர்ல வா. அப்போ நிஜமாவே நல்லா இருக்கும்."

அவன் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை.

மார்ச் வந்தது. பெரியம்மா வருவதாக இருந்த வாரத்தின் மூன்றாம் நாள் காற்று எழுந்தது. எதிர்வீட்டுக் கதவுகூடத் தெரியவில்லை. பள்ளியை மூடினார்கள். அப்பாவின் பேருந்து பணிமனையை விட்டு நகரவில்லை. அம்மா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு பொடிசைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

டிசம்பரில் எல்லாரும் வந்து இறங்கினார்கள். அக்காவும் தங்கையும் பேருந்து நிலையத்திலேயே அழுது முடித்தார்கள். மறுநாள் அப்பா ஓட்டும் பேருந்திலேயே கடைசி நிறுத்தம் வரை போனார்கள். சாலை முடிகிற இடத்தில் மணல்மேடு தொடங்கியது.

துரை ஏறினான். பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினான். பெரியம்மா அவனுடைய இன்ஹேலரைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி பின்னாலேயே போனார். அது தேவைப்படவில்லை. உச்சியில் நின்று பார்த்தால் ஊர் முழுவதும் தெரிந்தது. மொட்டை மாடிகளில் காயும் துணிகளின் நிறம்கூடத் தெரிந்தது.

"உங்க ஊரு பரவாயில்லை," என்றான் துரை. துரையிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெளியூர் அக்கா, தன் வயதான அப்பாவை இங்கே கூட்டிவர எந்த மாதம் தோதாக இருக்கும் என்று பெரியம்மாவிடம் விசாரித்தார்.

பெரியம்மா பொடிசின் தோளில் கை வைத்தார். "என் தங்கச்சி பொண்ணைக் கேளுங்க. இந்த ஊரைப் பத்தி இவ சொன்னா சரியா இருக்கும்."

பொடிசு நிமிர்ந்து நின்றாள்.

"முதல்ல எப்போ வரக்கூடாதுன்னு சொல்லிடறேன்க்கா," என்று ஆரம்பித்தாள்.